படம் யாருடையது?

கல்லூரியை விட்டு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, கடந்த ஜனவரியில் மறுபடியும் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். படிப்பில் அவ்வளவு ஆர்வமா என்று யாரும் வியக்க வேண்டாம். இரண்டாவது பெஞ்சிலிருந்து திரை சரியாகத் தெரியவில்லை.

இடம் டில்லி. ஒரு கல்லூரியின் மாலை நேர வகுப்பு. ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு. இணையதள வடிவமைப்பும் டிஜிட்டல் ஓவியமும் பாடம். மொத்தம் 24 பேர். என்னைத் தவிர எல்லோரும் 18லிருந்து 25 வயதுக்குள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் இரண்டு பையன்கள் எழுந்து நின்றார்கள். ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்களாம். உண்மையான ஆசிரியர் பத்து நிமிடம் கழித்து வந்தார். முப்பது வயது இருக்கும். முதுகில் பை, காதில் சின்ன வளையம். அவர் என்னை 'மேம்' என்றார். நான் அவரை 'சார்' என்றேன். மாணவர்களுக்கு நான் 'ஆன்ட்டி'. கடைசி வரை இந்த ஏற்பாட்டில் மாற்றம் இல்லை.

தமிழில் எம்.ஏ. முடித்த கையோடு மொழிபெயர்ப்புக்கு வந்தவள் நான். ஆங்கிலத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் மொழிபெயர்த்தே பிழைப்பு ஓடியது. சில ஆண்டுகளாக நிலைமை வேறு. முதல் பிரதியை இயந்திரம் தயாரித்துவிடுகிறது. அதை என்னிடம் அனுப்பி, "லேசாகப் பார்த்துக் கொடுங்கள்" என்கிறார்கள். கூலி பாதி. லேசாகப் பார்க்க ஆகும் நேரமோ முன்பு மொழிபெயர்க்க ஆனதைவிட அதிகம். போன தீபாவளிச் சமயத்தில் எனக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள்: "பக்கத்தையும் நீங்களே வடிவமைத்துத் தர முடியுமா?" முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முடியும் என்று சொல்லவும் வழியில்லை. அதனால்தான் முதல் பெஞ்ச்.

முதல் நாள் பாடம் நடக்கவில்லை. நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தார் ஆசிரியர். மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று வரிசையாக எழுதியிருந்தது. எங்கள் காலத்து எம்.ஏ.வில் இப்படி ஒரு தாளை யாரும் கொடுத்ததில்லை. தேர்வுக்கு எது வரும் என்பதை முந்தைய ஆண்டு வினாத்தாளிலிருந்து நாங்களே ஊகித்துக்கொண்டோம். இங்கே எல்லாம் எழுத்தில் இருந்தது. வருகை 75 சதவீதம் கட்டாயம். மொத்தம் 100 மதிப்பெண். வருகைக்கு 10, வரைவு நோட்டுக்கு 20, சிறு பயிற்சிகளுக்கு 30, இறுதித் திட்டத்துக்கு 40. ஒரு நாள் தாமதித்தால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். முடிந்த படத்தை மட்டும் கொடுத்தால் போதாது. அது எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்பதையும் காட்ட வேண்டும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம். ஆனால் எந்தக் கட்டத்தில், என்ன கட்டளை கொடுத்து என்பதை எழுதித் தர வேண்டும். கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: நீங்கள் உருவாக்காத எதையும் பயன்படுத்தினால் அது யாருடையது என்று குறிப்பிட வேண்டும்.

அந்தக் கடைசி வரியைப் படித்துத் தலையை ஆட்டினேன். எவ்வளவு நியாயம்! நான் மொழிபெயர்த்து என் பெயர் இல்லாமல் வெளிவந்தவற்றை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். ஒரு நாவலின் அட்டையில் மூல ஆசிரியர் பெயர் இருந்தது, அட்டைப் படம் வரைந்தவர் பெயர் உள்ளே இருந்தது, அச்சகத்தின் பெயரும் இருந்தது. 300 பக்கத்தையும் தமிழில் எழுதியவள் பெயர் எங்கும் இல்லை. பதிப்பாளரிடம் கேட்டதற்கு, "இடம் இல்லை" என்றார். இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தத் தாளை எழுதிய ஆசிரியர் மேல் எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து அதே வரி என்னையே பிடிக்கப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை. பென்சிலும் நோட்டும்தான். ஒரு ரயில் டிக்கெட், ஒரு மருந்துச் சீட்டு, ஒரு மெட்ரோ வரைபடம் என்று கொடுத்து, கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே போகிறது என்று அம்புக்குறி போடச் சொன்னார். அடுத்து, இணையப் பக்கத்தைக் கட்டம் கட்டமாகக் காகிதத்தில் வரைய வேண்டும். படம் வரும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எழுத்து வரும் இடத்தில் நாலு கோடு.

அந்த நாலு கோட்டில்தான் எனக்கும் ஆசிரியருக்கும் முதல் தகராறு. "என்ன எழுதப்போகிறோம் என்று தெரியாமல் இடம் எப்படி ஒதுக்குவது?" என்று கேட்டேன். அச்சுத் தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் அது என்றார் அவர். எழுத்து தயாராகும் வரை அந்த இடத்தை அர்த்தமில்லாத லத்தீன் வார்த்தைகளால் நிரப்புவார்களாம். 'லோரம் இப்சம்' என்று தொடங்கும் அந்தப் பத்தி, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய தத்துவ நூல் ஒன்றிலிருந்து வெட்டிச் சிதைத்தது. நல்லதையும் தீயதையும் பற்றி ஒருவர் யோசித்து எழுதியதை, யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே குலைத்து இடம் நிரப்பப் பயன்படுத்துகிறார்கள். எழுத்தை நம்பிப் பிழைக்கும் யாருக்கும் இதைக் கேட்டால் வயிறு எரியும். எனக்கு எரிந்தது.

பிறகு எச்.டி.எம்.எல். வந்தது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் இணையதளத்தை 1991ல் பொதுவில் வைத்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15ல். நான் அப்போது பள்ளியில் இருந்தேன். அந்த மொழியில் எனக்குப் பிடித்துப்போனது ஒன்றே ஒன்று. ஒரு வரியைப் பெரிதாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. 'இது தலைப்பு' என்று குறியிட்டால்தான் தலைப்பு. இது பத்தி, இது பட்டியல், இது மேற்கோள் என்று ஒவ்வொன்றுக்கும் அதன் வேலையைச் சொல்ல வேண்டும். எந்த நிறம், எந்த அளவு என்பதெல்லாம் தனி. அதற்கு சி.எஸ்.எஸ். என்று வேறு மொழி. 1994ல் ஹோகோன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் முன்வைத்த யோசனை அது. ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்பது வேறு, எப்படித் தோற்றமளிக்கிறது என்பது வேறு. இலக்கண வகுப்பில் பெயர், வினை, இடை, உரி என்று பிரித்துப் படித்தவளுக்கு இது புதிதல்ல. வகுப்பிலேயே முதலில் பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதி முடித்தது ஆன்ட்டிதான்.

நிறத்தில் அந்தப் பெருமை போயிற்று. திரையில் தெரிவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு. பெருக்கிப் பார்த்தால் 1,67,77,216 நிறங்கள். தமிழில் அவற்றில் எத்தனைக்குப் பெயர் இருக்கிறது என்று யோசித்தபடி, வெளிர் மஞ்சள் பின்னணியில் சாம்பல் எழுத்து வைத்தேன். பார்க்க அடக்கமாக இருந்தது. ஆசிரியர் ஒரு கருவியில் போட்டுக் காட்டினார். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வித்தியாசம் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது 2008ல் வெளியான சர்வதேச நெறி. என்னுடையது 2ஐத் தாண்டவில்லை. "மேம், இதை உங்களாலேயே இரண்டாவது பெஞ்சிலிருந்து படிக்க முடியாது" என்றார். வகுப்பு சிரித்தது. நானும்தான்.

பார்வை இல்லாதவர்கள் இணையப் பக்கத்தைக் காதால் படிக்கிறார்கள். மென்பொருள் உரக்க வாசிக்கும். படம் வரும் இடத்தில் அது என்ன சொல்லும்? பக்கத்தைத் தயாரித்தவர் படத்துக்கு ஒரு மாற்று வாசகம் எழுதி வைத்திருந்தால் அதைச் சொல்லும். இல்லாவிட்டால் கோப்பின் பெயரை, எழுத்தும் எண்ணுமாக, அர்த்தமில்லாமல் ஒப்பிக்கும். மாற்றுத் திறனாளிகளின் உரிமைச் சட்டம் நம் நாட்டில் 2016லேயே வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஒரு வாசகத்தை எழுத நிறைய பேருக்கு நேரம் இருப்பதில்லை. ஒரு பயிற்சியில் பத்துப் படங்களுக்கு மாற்று வாசகம் எழுதச் சொன்னார்கள். படத்தில் இருப்பது எல்லாவற்றையும் சொல்லக் கூடாது. இந்தப் பக்கத்தில் இந்தப் படம் எதற்காக இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும், ஒரே வாக்கியத்தில். வேறு ஒன்றுமில்லை, மொழிபெயர்ப்பு. பத்துக்குப் பத்து வாங்கினேன். அன்றிலிருந்து, ராஞ்சியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எனக்குப் படம் சொல்லிக்கொடுத்தாள். நான் அவளுக்கு வாசகம் சொல்லிக்கொடுத்தேன்.

அவளிடம் லேப்டாப் கிடையாது. பரிசோதனைக்கூடம் மூடும் வரை அங்கேயே இருப்பாள். மிச்சத்தைத் தங்கும் அறையில் மொபைலில் செய்வாள். மாதச் சந்தா கட்டும் மென்பொருள்களை விட்டுவிட்டு ஜிம்ப், இங்க்ஸ்கேப் என்று இலவசமாகக் கிடைப்பவற்றில் வேலை செய்வாள். "சந்தாவை நிறுத்தினால் நான் செய்த வேலையையே திறக்க முடியாமல் போய்விடுமே, ஆன்ட்டி" என்பாள். அவள் பக்கங்கள் மட்டும் எப்போதும் சட்டென்று திறக்கும். டேட்டாவுக்குக் கணக்குப் பார்த்தவளுக்கு ஒரு படத்தின் எடை தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் முதல் பெரிய பயிற்சி: 'என் ஊரின் ஒரு பருவம்' என்ற தலைப்பில் போஸ்டர். நான் கொன்றையை எடுத்துக்கொண்டேன். சங்க இலக்கியத்தில் கொன்றை முல்லை நிலத்துப் பூ, கார்காலத்தின் அடையாளம். டில்லியில் அதுவே அமல்தாஸ். மேயிலும் ஜூனிலும் வெயில் கொளுத்தும்போது சாலையோரம் மஞ்சள் சரமாகத் தொங்கும். ஒரு பூ, இரண்டு மொழி, இரண்டு பருவம். எனக்குக் கிடைத்த கருத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

முதலில் தமிழ் தகராறு செய்தது. வகுப்பில் நாங்கள் பயன்படுத்திய பட மென்பொருளில் 'கொன்றை' என்று அடித்தால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நின்றது. 'றை'யின் ஐகாரக் குறி முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. பார்த்த பையன்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கு ஆன்ட்டி" என்றார்கள். இரண்டு மாலை போராடினேன். தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஓர் அமைப்பு மெனுவுக்குள் மெனுவாக ஒளிந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் எழுத்துகள் தத்தம் இடத்துக்குத் திரும்பின.

அந்த இரண்டு மாலையில் நான் கற்றது எம்.ஏ.வில் படித்ததை நினைவூட்டியது. ஒரு காலத்தில் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒரு கம்ப்யூட்டரில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பை. 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தார்கள். 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அந்த யூனிகோடில் 247 எழுத்துக்கும் 247 இடம் இல்லை. அகரம் ஏறிய மெய்யோடு உயிர்க்குறி சேர்ந்துதான் மற்ற உயிர்மெய்கள். 'கெ' எழுதும்போது கை கொம்பை முதலில் போடுகிறது. கம்ப்யூட்டரோ 'க'வை முதலில் வைத்துக்கொண்டு குறியை அடுத்துதான் சேமிக்கிறது. கண்ணுக்குக் காட்டும்போது மட்டும் இடம் மாற்றிக் காட்டுகிறது. உயிர்மெய்யில் மெய் முன், உயிர் பின் என்றுதான் தொல்காப்பியமும் சொல்கிறது. இதை வகுப்பில் ஐந்து நிமிடம் விளக்கினேன். கைதட்டினார்கள். ஒரு பையன் செயற்கை நுண்ணறிவில் 'வணக்கம்' என்று எழுதவைத்த போஸ்டரைக் கொண்டுவந்து காட்டினான். தூரத்தில் தமிழ் போல இருந்தது. கிட்டே போனால் ஒன்றுகூட எழுத்து இல்லை. லேசாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி எனக்கு வரும் பிரதிகள் நினைவுக்கு வந்தன.

இவ்வளவு பெருமையோடு போஸ்டரை வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டினேன். வெள்ளி தோறும் விமர்சன வகுப்பு. அதற்கும் விதி உண்டு. 'நல்லா இருக்கு', 'நல்லா இல்லை' என்று சொல்லக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதை முதலில் சொல்ல வேண்டும், பிறகு கேள்வி. செய்தவர் கடைசி வரை பேசக் கூடாது. மஞ்சள் சரங்கள் தெரிகின்றன என்றான் ஒருவன். எழுத்து பூவைத் தொடாமல் நிற்கிறது என்றாள் ராஞ்சிப் பெண். ஆசிரியர் கிட்டே வந்து பார்த்தார்.

"படம் யாருடையது, மேம்?"

"இன்டர்நெட்டில் எடுத்தேன்."

"இன்டர்நெட்டுக்குக் கேமரா கிடையாது. யார் எடுத்தது?"

பதில் இல்லை. பிப்ரவரியில் டில்லிக் கொன்றையில் பூ ஏது? நீளமான கறுப்புக் காய்கள்தான் தொங்கிக்கொண்டிருந்தன. தேடினேன், கிடைத்தது, எடுத்தேன். யாரோ ஒருவர் மே மாத வெயிலில் நின்று, ஒளி வரும் வரை காத்திருந்து எடுத்த படம். அவருக்குப் பெயர் இருக்கும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. பெயர் போட இடம் இல்லை என்று சொன்ன பதிப்பாளராவது கேட்ட பிறகு பதில் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை.

மதிப்பெண் பூஜ்யம். இரண்டு வாரத்தில் வேறு செய்து கொடுக்கலாம். ஆசிரியர் கோபப்படவில்லை. டில்லி விஞ்ஞான் பவனில் இருந்த ஒரு வெண்கலச் சிற்பத்தின் கதையைச் சொன்னார். அமர்நாத் சேகல் என்ற சிற்பி செய்தது. மத்திய அரசு காசு கொடுத்து வாங்கியதுதான். 1979ல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அவரிடம் கேட்காமல் அதைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். சிற்பம் சேதமடைந்தது. அவர் 1992ல் வழக்குப் போட்டார். 2005ல் டில்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கவும், மிஞ்சிய பாகங்களைத் திருப்பித் தரவும் உத்தரவிட்டது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அதற்கு ஆதாரம். படைப்பை விற்றுவிட்டாலும், 'இது என்னுடையது' என்று சொல்லும் உரிமையும், அதைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமையும் படைத்தவரை விட்டுப் போவதில்லை.

அன்று மெட்ரோவில் வீட்டுக்குத் திரும்பும்போது, என் பெயரைக் கேட்டு நான் எழுதிய கடிதங்கள் நினைவுக்கு வந்தன. அந்த 57ஆம் பிரிவை அவற்றில் நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

ஒரு மாலை முழுவதும் தேடி, படம் எடுத்தவரின் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. பதில் வராதது அனுமதி ஆகாது என்பதும் அந்த நாலு பக்கத் தாளில் இருந்தது. அதனால் வரைந்தேன். மவுஸைப் பிடித்துப் புள்ளிக்குப் புள்ளி வளைகோடு இழுத்து, ஐந்து இதழ் உள்ள ஒரு பூவை வரைய நாலு நாள் ஆயிற்று. முதல் நாள் வந்தது பூ அல்ல, நசுங்கிய அப்பளம். வரைவு நோட்டில் அந்த அப்பளத்தையும் ஒட்டினேன். பத்துக்கு ஆறு கிடைத்தது. எம்.ஏ.வில் வாங்கிய முதல் வகுப்புகூட இவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

ஏப்ரலில் இறுதித் திட்டம். உண்மையான ஒரு வாடிக்கையாளரைப் பிடித்து, அவருக்கு இணையதளம் செய்து தர வேண்டும். மயூர் விஹாரில் எங்கள் வீட்டருகே நம் ஊர்ச் சாமான் விற்கும் கடை ஒன்று இருக்கிறது. நல்லெண்ணெய், அப்பளம், புளி, வாரம் இருமுறை ரயிலில் வரும் காய்கறி. கடைக்காரர் தென்காசிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பென்சிலும் நோட்டுமாக, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"போன் நம்பரைப் பெருசாப் போடு, தங்கச்சி. மத்ததெல்லாம் உன் இஷ்டம்."

நான் அத்துடன் விட்டேனா? டில்லிக்குத் தமிழர்கள் வந்த வரலாறு, கரோல்பாக்கிலிருந்து மயூர் விஹாருக்குக் குடிபெயர்ந்த கதை, அண்ணாச்சி கடை தொடங்கிய விதம் என்று மூன்று பத்தி எழுதினேன். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும். நல்ல நடை என்று இப்போதும் சொல்வேன். பக்கத்தின் மேலே அதை வைத்தேன். லோரம் இப்சத்துக்கு நான் சொன்ன பதில் அது.

விதிப்படி மூன்று பேரிடம் பக்கத்தைக் கொடுத்து, ஒரு வேலை சொல்லி, வாய் திறக்காமல் கவனிக்க வேண்டும். பக்கத்துக் குடியிருப்பு மாமியிடம் மொபைலைக் கொடுத்தேன். முருங்கைக்காய் வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எழுபது வயது மாமி கட்டை விரலால் தள்ளினார். என் மூன்று பத்தியும் ரயில் ஜன்னலில் தெரியும் ஸ்டேஷன் மாதிரி ஓடிப்போயின.

"இதெல்லாம் யாரு படிக்கப்போறா? முருங்கைக்காய் எங்க இருக்கு?"

வாய் திறக்கக் கூடாது என்ற விதி எவ்வளவு கடினமானது என்பது அன்று புரிந்தது. கேள்வி கேட்ட மாமி என் வாசகி. மற்ற இரண்டு பேரும் அப்படியேதான். எழுத்துக்கு இடம் ஒதுக்கும் முன் எழுத்து வேண்டும் என்று நான் வாதாடியது சரி. ஆனால் அந்த எழுத்து எனக்கு வேண்டியதாக இருக்கக் கூடாது, மாமிக்கு வேண்டியதாக இருக்க வேண்டும். இருபது ஆண்டுகள் வாசகர், வாசகர் என்று பேசியிருக்கிறேன். ஒரு வாசகர் படிப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான் முதல் முறை.

பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். மேலே போன் நம்பர். அதன் கீழே 'இன்று வந்தவை' என்று ஒரு பட்டியல். அண்ணாச்சி தன் மொபைலிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம். வரலாறு மூன்று வரியாகச் சுருங்கி அடியில் போயிற்று. பொத்தான்களில் மறுபடியும் தகராறு. ஆங்கிலத்துக்கென்று அளந்த பெட்டிக்குள் 'தொடர்புகொள்ளவும்' அடங்கவில்லை. எழுத்தைச் சின்னதாக்கு என்றார்கள். மாமிக்குத் தெரியாது என்று மறுத்தேன். 'அழைக்க' என்று மாற்றினேன். பெட்டியும் அடங்கியது, அர்த்தமும் தெளிவானது. முதலிலேயே அப்படி எழுதியிருக்கலாம்.

மே மாதம் கொன்றை பூத்தது. ராஞ்சிப் பெண் தன் மொபைலில் கடையைப் படம் எடுத்துக் கொடுத்தாள். வாசலில் தொங்கும் வாழைத்தார், பின்னால் சாலையோரம் மஞ்சள் சரங்கள். படத்துக்கு மாற்று வாசகம் எழுதினேன். பக்கத்தின் அடியில் நன்றிப் பட்டியல் ஒன்றையும் மறக்காமல் சேர்த்தேன். புகைப்படம் இன்னார். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், திறந்த உரிமத்தில் கிடைப்பது. சின்னப் படங்கள் வரைந்தவர் இன்னார். பரிசோதனையில் உதவிய மூன்று பேருக்கும் நன்றி. பூஜ்யம் வாங்கிய சூடு ஆறவில்லை. ஒருவரையும் விடவில்லை என்று இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஜூனில் இறுதி விமர்சனம். ஆசிரியர் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை தள்ளிப் பார்த்தார். மூன்று மொழியிலும் மாற்றிப் பார்த்தார். நன்றிப் பட்டியலில் நின்றார்.

"ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது, மேம்."

யாரை விட்டேன்? மனதுக்குள் ஓடவிட்டேன். எல்லோரும் இருந்தார்கள்.

"மூன்று மொழியிலும் எழுதியது யார்? மொழிபெயர்ப்பு யார்?"

வகுப்பில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. ராஞ்சிப் பெண் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். என் பெயரை நானே போடவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. இருபது ஆண்டுகளில் மற்றவர்கள் என்னைப் பழக்கியது பாதி, நானே பழகிக்கொண்டது பாதி. படம் எடுத்தவர் பெயர் எனக்குத் தோன்றாமல் போனதற்கும் இதுதான் காரணமோ என்று பிறகு யோசித்தேன். தன் வேலைக்குப் பெயர் உண்டு என்பதை மறந்தவர்களுக்கு மற்றவர் வேலைக்குப் பெயர் உண்டு என்பதும் மறந்துபோகும் போலிருக்கிறது.

நாற்பதுக்கு 33 கொடுத்தார். பெயர் விட்டுப்போனதற்கு ஒரு மார்க் குறைத்ததாகத் தாளில் எழுதியிருந்தார்.

அன்றிரவே கடைசி வரியைச் சேர்த்தேன்: எழுத்தும் மொழிபெயர்ப்பும், பிறகு என் பெயர். நிறம் 4.5ஐத் தாண்டுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். மறுநாள் காலை கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலே இருந்த நம்பரைப் பார்த்து, "ஜோரா இருக்கு" என்றார். அடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனவர் அந்த வரியில் நின்றார்.

"இது யாரு, நீயா?"

"ஆமா, அண்ணாச்சி."

"அந்த இடத்துல வீட்டு நம்பரையும் போட்டுறலாம்லா?"

வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து தர வேண்டும் என்பதும் அந்த நாலு பக்கத் தாளில் இருந்த விதிதான். வீட்டு நம்பரை மேலே, கடை நம்பருக்குப் பக்கத்தில் சேர்த்தேன். அடி வரியை எடுக்கவில்லை.